வெள்ளை இலையா, வெள்ளி இலையா? கோண்டோ வீட்டுச் சுவருக்கு ஒரு ஏறுகொடி

என் தங்கை போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கோண்டோவின் பதினோராவது மாடிக்குக் குடிபோனாள். பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு படம் வந்தது. சோபாவுக்குப் பின்னால் வெறும் சுவர். கீழே செய்தி: “அக்கா, இந்தச் சுவத்துல ஏர்ற மாதிரி ஒரு செடி வேணும். இலையில வெள்ளை இருக்கணும். சாகக் கூடாது. இருநூறு வெள்ளிக்கு மேல தரமாட்டேன்.” வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட்.

எங்கள் வீட்டில் செடி விஷயம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் நிறைய வளர்த்தவள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் நிறையக் கொன்றவள். நர்சரிக்காரர்கள் வேரிகேட்டட் என்று சொல்லும் இந்த வெள்ளை விழுந்த இலைக் கொடிகளில் மட்டும் ஆறேழு என் கையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவளுக்குப் பதில் எழுதப்போய் அது நீண்டுகொண்டே போனது. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கிறேன்.

முதலில் நான் அவளிடம் கேட்டது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று. கோலாலம்பூரில் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பஞ்சமே கிடையாது. பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24 பக்கம், வருடம் முழுக்க இதே கதை. குளிர்நாட்டுக்காரர்கள் இந்தக் கொடிகளுக்காக ஈரப்பதம் கூட்டும் இயந்திரம், கண்ணாடி அலமாரி, சூடேற்றும் விரிப்பு என்று வாங்கிக் குவிக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் கதவைத் திறந்தாலே உள்ளே வந்துவிடும். வராதது வெளிச்சம். வெளியே கண் கூசும்படி வெயில் அடித்தாலும், ஆழமான பால்கனி, நிறம் ஏற்றிய கண்ணாடி, திரைச்சீலை எல்லாம் தாண்டிச் சோபாச் சுவருக்கு வந்து சேரும்போது செடியின் கணக்கில் அது அந்திப்பொழுது. நம் கண் மங்கலுக்குச் சீக்கிரம் பழகிக்கொள்வதால் நமக்கு இது உறைப்பதில்லை.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மத்தியானம் விளக்கைப் போடாமல், அந்தச் சுவரருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக ஒரு திட்டு மட்டும் விழுந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் பிளாஸ்டிக் செடிக் கடைக்குப் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தங்கைக்கு விழுந்தது மங்கல் திட்டு. பால்கனி மேற்கு, படுக்கையறை ஜன்னல் கிழக்கு என்றாள். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வடக்கு ஜன்னலுக்கு ஜூன் பக்கமும் தெற்கு ஜன்னலுக்கு டிசம்பர் பக்கமும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். கிழக்குக்கும் மேற்குக்கும் மழை மறைத்தால் ஒழிய வருடம் முழுக்க உண்டு. காலை வெயில் பரவாயில்லை. மேற்கு வெயில் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து வெள்ளை இலையை அப்பளம் மாதிரிப் பொரித்துவிடும்.

ஏன் வெள்ளையை மட்டும் பொரிக்கிறது? இலையில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத இடம் உணவு தயாரிக்காது. கூட்டுக் குடும்பத்தில் சம்பாத்தியம் இல்லாமல் பந்திக்கு மட்டும் முதல் ஆளாக உட்காரும் உறவினர் இருப்பாரே, அந்த மாதிரி. பாதி இலை வெள்ளை என்றால் மீதிப் பாதி உழைத்து மொத்த வீட்டுக்கும் சோறு போட வேண்டும். அதனால் வெள்ளை கூடக் கூடச் செடி மெதுவாக வளரும், வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும். ஆனால் நேர் வெயிலில் முதலில் கருகுவதும் அந்த வெள்ளை இடம்தான். வெளிச்சம் நிறைய வேண்டும், வெயில் ஆகாது. கோண்டோவில் இந்த இரண்டும் சேர்ந்து அமையும் இடம் பெரும்பாலும் பால்கனிக் கதவிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் முடிந்துபோகும். தங்கையின் சோபா அதற்கு வெளியே இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆசைப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அவள் முதலில் கேட்டது மான்ஸ்டெரா அல்போ. எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஓட்டை விழுந்த பெரிய இலை, பாதி பச்சை பாதி பால்வெள்ளை, படத்தில் பார்த்தால் யாருக்கும் மனசு போகும். நானும் போனேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஊரே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது செடிக் காய்ச்சல் எல்லாரையும் பிடித்தது. ஆன்லைனில் ஒருவரிடம் ஒற்றை இலைத் துண்டு ஒன்றை 350 வெள்ளி கொடுத்து வாங்கினேன். இலை முழுக்க வெள்ளை. வெள்ளை அதிகம் இருந்தால் மதிப்பு அதிகம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த இலையும் முழு வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை, போன தடவையைவிடச் சின்னதாக. பிறகு ஓரம் பழுப்பாகி, ஒவ்வொன்றாகக் காகிதம் போல் சுருண்டு, நாலாம் மாதம் சட்டி காலி. பட்டினியில் செத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், பாவம்.

அல்போவின் வெள்ளை செடி முழுவதற்கும் பொதுவான குணம் கிடையாது. பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் ஒரே தண்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிற மாதிரி. புது இலை எப்படி வரும் என்பது கணுவில் இருக்கும் மொட்டு எந்தத் திசுவின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே வாங்கும்போது இலையைப் பார்க்கக் கூடாது, தண்டைப் பார்க்க வேண்டும். தண்டில் பச்சையும் வெள்ளையும் கோடு கோடாக ஓடி, கணுவிலும் இரண்டும் தெரிந்தால் வாங்கலாம். தண்டு முழு வெள்ளை என்றால் என் கதைதான். முழுப் பச்சை என்றால் சாதாரண மான்ஸ்டெராவுக்கு அல்போ விலை கொடுத்த கதை. நல்ல துண்டே கிடைத்தாலும் ஒருநாள் பச்சைக் கிளை ஒன்று கிளம்பி மற்றதைவிட வேகமாக ஓடும். அதைக் கடைசியாக இரு நிறமும் தெரிந்த கணு வரைக்கும் வெட்டிவிட வேண்டும். மனசு வராது, ஆனாலும் வெட்ட வேண்டும். இப்போது விலை நிறைய இறங்கிவிட்டது என்றாலும் நடுத்தர வெளிச்சமுள்ள சுவருக்கு அல்போ வேண்டாம் என்று தங்கையிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன்.

அப்படியானால் தாய் கான்ஸ்டலேஷன்? அதுவும் மான்ஸ்டெராதான், தாய்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பில் தோன்றியது. வெள்ளைக்குப் பதில் வெண்ணெய் நிறம், பெரிய திட்டுகளோடு பச்சையின் மேல் மாவு தெளித்த மாதிரிப் புள்ளிகள். அல்போவில் இருப்பதுபோல் இங்கே இரண்டு அடுப்புச் சண்டை இல்லை. அந்தக் குணம் செடி முழுக்கப் பரவியிருப்பதால் திடீரென்று முழுப் பச்சைக்குத் திரும்புவது அபூர்வம். ஆய்வுக்கூடத்திலேயே ஆயிரக்கணக்கில் பெருக்க முடிந்ததால்தான் விலையும் தரைக்கு வந்தது. சின்னக் கன்று தங்கையின் இருநூறுக்குள் அடங்கிவிடும். மான்ஸ்டெராதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு அல்போவைவிட இதைத்தான் சொல்வேன். ஒரே தொல்லை உருவம். மெக்சிகோவின் தென்பகுதியிலிருந்து பனாமா வரைக்கும் காட்டு மரங்களில் ஏறும் கொடி இது. நன்றாக வளர்ந்தால் ஒற்றை இலையே சாப்பாட்டுத் தட்டைத் தாண்டிவிடும், இரண்டு வருடத்தில் சோபாவில் உட்கார்பவர் தலையில் கையை வைக்கும். அகலமான பால்கனி உள்ள தரை வீட்டுக்காரர்கள் தாராளமாக வைக்கலாம். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் தெருமனை வீடுகளின் கார் நிறுத்தும் முகப்பு இதற்கென்றே கட்டிய மாதிரி இருக்கும்: மேலே கூரை, மூன்று பக்கம் வெளிச்சம்.

பிலோடென்ட்ரான் பிங்க் பிரின்சஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக்குப் பக்கத்தில் போகும் கரும்பச்சையில் இளஞ்சிவப்புத் திட்டு. அழகு, மறுக்கவில்லை. ஆனால் பச்சையம் இல்லாத இடத்தில் சிவப்பு நிறமி தெரிவதுதான் அந்த இளஞ்சிவப்பு. சாப்பாட்டுக் கணக்கு அல்போ மாதிரியேதான். எந்தக் கன்றில் எவ்வளவு சிவப்பு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இதோடு பிங்க் காங்கோ என்று ஒன்று வந்தது, இலை முழுக்கப் பளீர் இளஞ்சிவப்பு. அது மருந்து கொடுத்து ஏற்றிய நிறம், சில மாதங்களில் புது இலைகள் சாதாரணப் பச்சையாக வர ஆரம்பிக்கும். இன்னும் யாராவது விற்றால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மணி பிளாண்ட்டுக்கு வருவோம். எஸ்டேட் வீட்டில் மைலோ டின்னில் நட்டு ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்ட அதே செடிதான். அதனாலேயே பலருக்கு இது இளக்காரம். பொன்னிறத் திட்டுள்ள சாதாரண வகையும் வேரிகேட்டட் செடிதான் என்று சொன்னால் தங்கை நம்பவே இல்லை. இதன் சொந்த ஊர் பிரெஞ்சு பாலினேசியாவில் மோரியா என்ற ஒரு சின்னத் தீவு, அங்கிருந்து உலகத்தின் எல்லா வெப்ப நாட்டுக்கும் போய்விட்டது. வெள்ளைதான் வேண்டும் என்றால் மார்பிள் குயீன். பச்சையும் பாலும் கலக்கி ஊற்றிய மாதிரி இலை. இன்னும் சின்ன இலையோடு வேண்டும் என்றால் என்ஜாய். பத்துப் பதினைந்து வெள்ளிக்குச் சட்டி கிடைக்கும்.

இதை உண்மையிலேயே ஏற விட்டுப் பார்த்தவர்கள் குறைவு. தொட்டியிலிருந்து தொங்கவிட்டால் இலை உள்ளங்கையளவிலேயே நின்றுவிடும், போகப் போகச் சிறுத்துப்போகும். மேலே ஏற இடம் கொடுத்தால் ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடப் பெரிதாக வரும். ரோட்டோர மரங்களில் ஏறிப்போய் முறம் அளவுக்கு விரிந்து, ஓரம் கிழிந்து நிற்கும் இலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வேறு ஏதோ காட்டுச் செடி என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மைலோ டின் செடிதான் அது.

மார்பிள் குயீனின் குறை என்னவென்றால், இருட்டான மூலையில் வைத்தால் வெள்ளை குறைந்து பச்சை கூடிக்கொண்டே போகும். சாகாது, ஆனால் எதற்காக வாங்கினோமோ அது போய்விடும். கிழக்கு ஜன்னல் பக்கம் வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. செத்தாலும் பதினைந்து வெள்ளியோடு போகும் என்பது என்னைப் போன்ற கொலைகாரிகளுக்குப் பெரிய ஆறுதல்.

இனி, சோபாச் சுவருக்கு நான் சொன்ன செடி. ஸ்கின்டாப்ஸஸ் பிக்டஸ். கடையில் சாட்டின் போத்தோஸ் என்றும் சொல்வார்கள், மணி பிளாண்ட்டின் உறவுக்காரன், ஆனால் வேறு இனம். இதய வடிவ இலை, தொட்டால் வெல்வெட் மாதிரி, கரும்பச்சையின் மேல் வெள்ளி தூவிய திட்டுகள். தங்கையின் கேள்வி உடனே வந்தது: “இதுல வெள்ளை இல்லையே க்கா, வெள்ளிதானே?” அங்கேதான் விஷயம் இருக்கிறது. இலையின் மேல்தோலுக்கும் அதன் அடியிலுள்ள திசுவுக்கும் நடுவே நுணுக்கமான காற்று இடைவெளிகள் இருக்கின்றன. அதில் பட்டு ஒளி சிதறித் திரும்புவதால் நமக்கு வெள்ளியாகத் தெரிகிறது. அடியில் பச்சையம் அப்படியே இருக்கிறது, வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதாவது அலங்காரத்துக்காகச் செடி பட்டினி கிடக்கவில்லை. பச்சைக்குத் திரும்பிவிடுமோ என்று கணுக்கணுவாகப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். மங்கல் வெளிச்சத்தில் மெதுவாக வளரும், அவ்வளவுதான். வாங்கும்போது பையிலுள்ள வெள்ளியும் மிச்சம். நடுத்தரச் சட்டி ஐம்பதுக்குள்.

இன்னொன்று, இது நம் ஊர்ச் செடி. தீபகற்ப மலேசியா, போர்னியோ, சுமத்ரா, ஜாவா காடுகளில் மரத்தண்டோடு ஒட்டிப்போய் ஏறுகிறது. நம் காற்று அதற்குப் பிறந்த வீட்டுக் காற்று. பெரிய இலையும் நிறைய வெள்ளியும் வேண்டும் என்றால் எக்ஸோடிகா, சின்ன இலை போதும் என்றால் அர்ஜைரியஸ். குறை சொல்ல வேண்டுமானால் வேகம்தான். மார்பிள் குயீன் நாலு இலை விடும் நேரத்தில் இது ஒன்றிரண்டு விடும். சுவர் நிறைய ஒரு வருடத்தில் வேண்டும் என்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். தாகம் எடுத்தால் இலை உள்பக்கமாகச் சுருளும், ஊற்றினால் சில மணி நேரத்தில் விரியும். இப்படி வாய்விட்டுக் கேட்கும் செடியை அதிகம் ஊற்றிக் கொல்வது சிரமம்.

நம் ஊர்ச் செடி என்றதும் ஒரு சின்ன வேதனை ஞாபகம் வருகிறது. மினி மான்ஸ்டெரா என்று விற்கப்படும் ரஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா மான்ஸ்டெராவே கிடையாது. தெற்குத் தாய்லாந்தையும் நம் கிளந்தானையும் சேர்ந்தது. அதில் வெள்ளை விழுந்த ஒரு செடி, ஒன்பதே இலை, 2021 ஜூனில் நியூசிலாந்தில் ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. நம் பணத்தில் எழுபத்தைந்தாயிரம் வெள்ளிக்கு மேல். பச்சை வகை இங்கே மலிவாகக் கிடைக்கிறது, வேகமாகவும் ஏறும். வெள்ளை வகைக்கு அல்போ பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும்.

வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் கணக்கு மாறும். இதுவரை சொன்ன அத்தனையும் சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். கருணையைப் புளி போடாமல் சமைத்தால் தொண்டை அரிக்குமே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இந்த இலைகளிலும் தண்டுகளிலும் உண்டு. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வெட்டும்போது சாறு கையில் பட்டாலே சிலருக்கு அரிக்கும். பூனை வீட்டுக்கு ஹோயாதான் நல்லது. அதற்கு இந்தக் குணம் இல்லை. ஹோயா கார்னோசாவில் இலை ஓரம் வெள்ளையாக இருப்பது கிரிம்சன் குயீன், நடுவில் வெள்ளையாக இருப்பது கிரிம்சன் பிரின்சஸ். தடித்த இலை, ஏர்கான் அறையின் வறண்ட காற்றையும் தாங்கும், ஆனால் ஜன்னல் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், ஆமை வேகம். தங்கை சிங்கோனியம் அல்போ என்ற வெள்ளை விழுந்த கொடியையும் கேட்டாள், அதுவும் சேம்புக் குடும்பம்தான். மலிவு, வேகம்; ஆனால் அடிக்கடி முழுப் பச்சையாகவோ முழு வெள்ளையாகவோ ஓடும், எப்போதும் கத்தரிக்கோலோடு திரிய வேண்டும்.

மேலே ஏற்றத் தேங்காய் நார் சுற்றிய கம்பு போதும் என்று கடையில் சொல்வார்கள். நார் ஈரத்தைப் பிடித்து வைக்காது, காற்றுவேர் அதில் ஒட்டாமல் அலைந்துகொண்டிருக்கும். காய்ந்த ஸ்பாக்னம் பாசியைக் கம்பிவலைக்குள் திணித்துச் செய்த கம்பம் விலை கூடுதல், ஆனால் அதில் வேர் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். நேரடியாகச் சுவரில் ஏற விட்டால் பெயிண்ட் உரியும், வாடகை வீடு என்றால் முன்பணம் போகும். மண் விஷயத்தில் நம் ஊரில் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் ஈரம்தான். வெறும் கறுப்பு மண்ணில் நட்டால் காற்றே இல்லாமல் வேர் அழுகும். மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை, கொஞ்சம் அடுப்புக்கரி பாதிக்குப் பாதி கலக்க வேண்டும்.

ஒரு கணுவைத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பாட்டிலும், சட்டிக்கு அடியில் தேங்கும் தட்டும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரிகள் முதலில் பார்ப்பதே அதைத்தான், புழு இருந்தால் அபராதம் நிச்சயம். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்து, வாரம் இருமுறை தண்ணீரை மாற்றிப் பாட்டிலையும் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் ஈரப் பாசியிலேயே வேர் பிடிக்க வைக்கலாம்.

போன ஞாயிறு இருவரும் சுங்கை பூலோவுக்குப் போனோம். 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு ஏற்படுத்தப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கி, அதிலிருந்துதான் இன்றைக்கு வரிசை வரிசையாக நிற்கும் அந்த நர்சரிகள் வளர்ந்தன. தங்கை முதல் கடையிலேயே ஓர் அல்போ முன்னால் நின்றுவிட்டாள். தண்டைத் திருப்பிக் காட்டினேன், முழு வெள்ளை. பெருமூச்சு விட்டாள்.

கடைசியில் சோபாச் சுவருக்கு எக்ஸோடிகா ஒன்று, படுக்கையறைக் கிழக்கு ஜன்னலுக்கு மார்பிள் குயீன் ஒன்று, ஒரு பாசிக் கம்பம், எல்லாம் சேர்த்து நூறைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து இலை அடிகளைத் திருப்பிப் பார்த்தால் மார்பிள் குயீனின் ஒரு கணுவில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி. அதைத் துடைத்துவிட்டு இரண்டு சட்டியையும் மற்ற செடிகளிடமிருந்து தள்ளிக் குளியலறையில் வைத்திருக்கிறாள். இரண்டு வாரம் கழித்துத்தான் சுவருக்கு வரும். காலையில் பல் தேய்க்கும்போது எக்ஸோடிகா தன்னையே பார்க்கிறது என்று நேற்று செய்தி அனுப்பியிருந்தாள்.